மாண்டியா மிஸ் சொன்ன பொய்

காவிரித் தண்ணீருக்காக பெங்களூரில் தமிழர்களை அடித்துக்கொண்டிருந்த நேரம். பொம்மனஹள்ளிப் பள்ளிக்கூடத்தில் நான் ஆயா. எவருக்கும் பயப்படாத நானே, தமிழச்சி என்று காட்டிக்கொள்ளாமல் கன்னடத்திலேயே பேசினேன்.

மூன்றாம் வகுப்பு மிஸ் மாண்டியாக்காரர், கன்னடக்காரர். ஒல்லி உடம்பு, பேசும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுவார். நான் தமிழச்சி என்பது அவருக்கு மட்டும் தெரியும்.

"தமிழங்க எல்லாம் திருடங்க, மிஸ்" என்றது ஒரு பிள்ளை.

"நீ எந்தத் தமிழரைப் பார்த்தே?"

வகுப்பு வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த என்னை மிஸ் பார்த்தார். நான் குனிந்து இன்னும் வேகமாகப் பெருக்கினேன்.

"என்னைப் பாரு. நான் தமிழ்தான். உன்கிட்டே என்ன திருடினேன்?" என்றார் மிஸ், கண்ணாடியைக் கழற்றி.

வெளியே வந்ததும், "பிள்ளைங்க வீட்ல போய்ச் சொல்லுமே, மிஸ்!" என்றேன்.

"உங்களால சொல்ல முடியாதில்லே, ஆயா" என்றார், தடுமாறும் தமிழில்.

சாயங்காலம் அவர் தெருமுனை திரும்பும்வரை கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்காகக்கூட அவ்வளவு பயந்ததில்லை.