அம்மா போட்ட பாங்காக் திட்டம்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்கள் குடும்பம் பாங்காக் போவதென்று முடிவானது. தம்பிக்கு அப்போது நாலுகூட முடியவில்லை. பெங்களூரில், அடுகோடியில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். அப்பாவுக்கு எலக்ட்ரானிக் சிட்டியில் மென்பொருள் சோதிக்கும் வேலை. அம்மா பொம்மனஹள்ளிப் பக்கம் ஆடை ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தாள். இரண்டு பேரும் திருப்பத்தூர்க்காரர்கள். கல்யாணத்துக்குப் பின் அவர்கள் போனதிலேயே தூரமான ஊர் ஊட்டி.

அப்பாவின் ஆபீஸில் எல்லோரும் எங்காவது போய்விட்டு வந்திருந்தார்கள். அங்கே சாப்பாட்டு நேரத்தில் பேச அப்பாவுக்கும் ஒரு நாடு தேவைப்பட்டது. முதலில் சிங்கப்பூர் என்றார். அப்புறம் மலேசியா. நடுவில் ஒரு வாரம் கொழும்பு. எந்த ஊர் என்று சொல்வது அப்பாவின் வேலை, மற்றதெல்லாம் அம்மாவின் வேலை என்று எப்படியோ பிரிந்திருந்தது. அதைச் சரிபாதி என்று அப்பா மனதார நம்பினார். அவர் ஊரை மாற்றிய ஒவ்வொரு முறையும் அம்மா முதலிலிருந்து தொடங்கினாள்: குழந்தைகளுக்கு ஏற்ற ஹோட்டல், பக்கத்தில் டாக்டர் உண்டா, தயிர் கிடைக்குமா.

கடைசியில் பாங்காக். "விசாவுக்கு அலைய வேணாம், இறங்கினதும் அங்கேயே குடுத்துடறான்" என்றார் அப்பா. ஊரிலிருந்து போனில் பேசிய பெரியப்பா, "பசங்களைக் கூட்டிக்கிட்டு பாங்காக்காடா?" என்று கேட்டு வெகுநேரம் சிரித்தார். அப்பா அவசரமாக ஸ்பீக்கரை அணைத்துவிட்டு பால்கனிக்குப் போனார். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அங்கே யானை இருக்கிறது, நீச்சல் குளம் இருக்கிறது, எனக்கு அது போதும்.

நாலு நாள் பயணம்தான். அதற்கு அம்மா மாதக்கணக்கில் உழைத்தாள். எனக்கும் தம்பிக்கும் புது பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். போட்டோவில் இரண்டு காதும் தெரிய வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும், கண் திறந்திருக்க வேண்டும். தம்பி வாயை மூடினால் கண்ணையும் சேர்த்து மூடினான். ஸ்டூடியோக்காரர் கிலுகிலுப்பை ஆட்டினார், நாய் மாதிரிக் குரைத்தார், கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அடுத்த சனிக்கிழமையும் போனோம். அதற்கடுத்த சனிக்கிழமையும் போனோம்.

சாப்பாடு அதைவிடப் பெரிய சங்கடம். தம்பி தயிர்சாதத்தைத் தவிர எதையும் விழுங்கமாட்டான். ஹோட்டல் அறையில் தண்ணீர் சுட வைக்கும் கெட்டில் இருக்கும் என்று தெரிந்ததும், அதிலேயே அரிசி வேகுமா என்று அம்மா வீட்டுக் கெட்டிலில் சோதித்துப் பார்த்தாள். அரிசி வேகவில்லை. கெட்டில் வெந்துவிட்டது. கருகிய வாடை போக வீட்டு ஜன்னலையெல்லாம் திறந்து வைத்துவிட்டு அவள் தரையில் உட்கார்ந்தாள். "அவல்" என்றாள் தனக்குத்தானே. "அவலுக்கு வெந்நீர் போதும்."

அந்த மாதங்களில் அம்மா எங்கே உட்கார்ந்தாலும் தூங்கினாள். என் பள்ளிக்கூட மீட்டிங்கில் தூங்கினாள். குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும்போது கதவில் சாய்ந்து தூங்கினாள். ஒருநாள் ஆபீஸிலிருந்து வரும்போது பஸ்ஸில் தூங்கிப்போய், அடுகோடியைத் தாண்டி சிவாஜிநகர் வரை போய்விட்டு, வேறு பஸ் பிடித்துத் திரும்பி வந்தாள். அன்று அப்பா அவளிடம் மிகுந்த பரிவோடு சொன்னார்: "பரவாயில்ல, பாங்காக் போய் நல்லா ரெஸ்ட் எடு." அம்மா சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

கிளம்பும் நாள் வந்தது. தம்பி வீட்டிலிருந்தே நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டான். ஹெப்பால் மேம்பாலம் தாண்டும்வரை டாக்ஸியில் அப்பா பாட்டுப் பாடினார்.

விமான நிலையத்தில் பெட்டிகளை வாங்கிக்கொள்ளும் கவுண்டரில் ஒரு பெண் எங்கள் பாஸ்போர்ட்டுகளைப் பார்த்தாள். என்னுடையதைப் பார்த்தாள், தம்பியுடையதைப் பார்த்தாள், அப்பாவுடையதைப் பார்த்தாள். அம்மாவுடையதில் நின்றுவிட்டாள். "மேடம், ஆறு மாசம் வேலிடிட்டி இரபேக்கு" என்றாள் கன்னடத்தில். இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டுமாம், அந்தப் பாஸ்போர்ட் காலாவதியாக அவ்வளவுகூட இல்லை. அப்படி இருந்தால் அந்த நாட்டில் இறங்க விடமாட்டார்கள், அதனால் விமானத்திலும் ஏற்றமாட்டார்கள். அம்மாவும் கன்னடத்திலேயே கெஞ்சிப் பார்த்தாள். "ஆகல்ல மேடம்" என்றாள் அந்தப் பெண். முடியாது என்பதை அவள் வருத்தமாகத்தான் சொன்னாள்.

கல்யாணமான புதிதில், அப்பாவை வெளிநாட்டுக்கு அனுப்பப்போவதாக ஆபீஸில் ஒரு பேச்சு எழுந்தபோது எடுத்த பாஸ்போர்ட் அது. பேச்சு அடங்கிவிட்டது. அப்பா தன்னுடையதைப் பின்னால் புதுப்பித்துக்கொண்டார். அம்மாவுடையது பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் போய்விட்டது. எங்கள் மூவருடையதையும் அம்மா திரும்பத் திரும்பச் சரிபார்த்திருந்தாள்.

"உன்னோடதை நீ பாக்கலையா?" என்றார் அப்பா.

"நீங்க பாத்தீங்களா?" என்றாள் அம்மா. கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்பதுபோலக் கேட்டாள்.

அப்பா, எல்லோருமே திரும்பிவிடலாம் என்றார். அதைக் கேட்டதும் தம்பி தரையில் படுத்து உருளத் தொடங்கினான். நான் அழுதேன். அம்மா எங்கள் மூவரையும் பார்த்தாள். பிறகு அங்கேயே தரையில் மண்டிபோட்டுப் பெட்டியைத் திறந்தாள்.

"நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க."

"நான் தனியாவா? இவனை வச்சுக்கிட்டா?"

"நாலு நாள்தானே. இது காய்ச்சல் மருந்து, இது வாந்திக்கு. அவல் இந்தப் பையில. இவன் மூணு தடவை வேணாம்னு சொல்லுவான், நாலாவது தடவை சாப்பிடுவான். நடுவுல நிறுத்திடாதீங்க."

அப்பா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். அவ்வளவு பணிவாக அவர் யார் பேச்சையும் கேட்டு நான் பார்த்ததில்லை. நாங்கள் உள்ளே போகும்போது அம்மா கைப்பையை அணைத்துக்கொண்டு தனியாக நின்றாள். அவளுக்காக இந்தப் பயணத்தில் சிரிக்கவே கூடாது என்று தீர்மானித்துக்கொண்டேன். அந்தத் தீர்மானம் நீச்சல் குளம்வரை தாங்கியது.

பாங்காக்கில் வெயில் அனலாக இருந்தது. தம்பி யானையைப் பார்த்ததும் அலறி அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டான், அப்புறம் கீழே இறங்கவே இல்லை. அவனைத் தோளில் சுமந்துகொண்டே அப்பா எல்லாக் கோயில்களையும் வெளியிலிருந்து பார்த்தார். அவலைப் பிசைந்து வைத்துக்கொண்டு இரண்டாவது "வேணாம்" வரும்போதே என்னைப் பார்ப்பார். "அம்மா அப்புறம் என்ன செய்வா?" என்று என்னிடம் கேட்பார். ஒரு மதியம், தம்பி நனைத்துவிட்ட கால்சட்டைகளை அலசிப் போட்டுவிட்டுக் குளியலறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். "தினமும் இப்படித்தானா?" என்றார். யாரைக் கேட்டார் என்று எனக்குத் தெரியவில்லை.

முதல் நாள் அம்மா போனில் கிடைத்தாள். மறுநாள் காலையிலிருந்து அவள் போன் அணைந்திருந்தது. அப்பாவின் முகம் வெளிறிவிட்டது. இருட்டான வீட்டில், சமையலறைத் தரையில் அம்மா ஒற்றையாக உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பதாக எனக்குத் தோன்றியது. சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். "சார்ஜ் போட மறந்துட்டேன். தூங்கிட்டிருந்தேன்" என்றாள். குரல் கரகரவென்று இருந்தது. அழுதிருக்கிறாள், மறைக்கிறாள் என்று நான் நிச்சயமாக நம்பினேன்.

ஊர் திரும்பியபோது அம்மாதான் கதவைத் திறந்தாள். தலைக்குக் குளித்து முடியை விரித்துப் போட்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே இருந்த கருமையைக் காணோம். வீடு பெருக்கியிருக்கவில்லை. நாற்காலியில் மசாலா பூரி சாப்பிட்ட தட்டு அப்படியே கிடந்தது. எங்கள் வீட்டில் கழுவாத தட்டு ஒன்று நாற்காலியில் இருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். துக்கத்தில் இருப்பவர்கள் இப்படித்தான் போட்டது போட்டபடி விட்டுவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா பெட்டியைக்கூட உள்ளே இழுக்காமல் சோபாவில் விழுந்தார். தம்பி அவர்மேலேயே தூங்கிப்போனான். நான் அம்மாவின் மடியில் ஏறிக்கொண்டு, "நீ அழுதியாம்மா?" என்று கேட்டேன்.

"அழுதேனே. ஏர்போர்ட்டுல இருந்து வர்ற வழியெல்லாம் பஸ்ஸுல அழுதேன்."

"அப்புறம்?"

"அப்புறம் வீட்டுக்கு வந்தேன். பூட்டைத் திறந்தேன்." காலை நீட்டிச் சாய்ந்துகொண்டாள். "உள்ள யாருமே இல்ல."

அதைவிடத் துயரமான வாக்கியத்தை நான் அதுவரை கேட்டதில்லை. அவள் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "இனிமே உன்னைத் தனியா விடவே மாட்டோம்மா, எப்பவுமே விடமாட்டோம்" என்று சத்தியம் செய்தேன்.

அம்மா என் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சந்தோஷத்தில் அவளுக்குப் பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டு, நான் இன்னும் இறுக்கமாகக் கட்டிக்கொண்டேன்.