ஸ்டார்ட் ஆகக் கூடாத கார்

எங்கள் பெரியப்பாவின் டீசல் காருக்கு ஒரு குணம் உண்டு. நல்ல காரியம் என்றால் முந்தின வாரமே படுத்துவிடும். இரண்டாயிரத்து எட்டு கோடையில், இன்ஜினுக்குக் காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ போயிற்று. பாலம் ஏறவே திணறிக் கரும்புகை கக்கியது. வெள்ளிக்கிழமை குறிஞ்சிப்பாடிக்குப் போய் அத்தையின் கல்யாணத்தைப் பேசி முடிக்க வேண்டும். பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் கிளம்பியாக வேண்டும் என்று பெரியப்பா அன்று விடிந்ததுமே மெக்கானிக்கைக் கடலூர் வீட்டு வாசலுக்கே வரவழைத்துவிட்டார்.

அத்தை, அவருக்கும் என் அப்பாவுக்கும் கடைசித் தங்கை. சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில் எம்.எஸ்ஸி. இயற்பியல் படிக்க இடம் கிடைத்திருந்தது. "கல்யாணம் ஆனப்புறம் எத வேணா படிச்சிக்க" என்று பெரியப்பா முடித்துவிட்டார். அவர் சொன்னால் எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது. அத்தை சில நாள் அழுதாள். பிறகு அழுவதையும் நிறுத்திவிட்டாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

புது டர்போ பெரிய நத்தை மாதிரி இருந்தது. மெக்கானிக் அதைப் பொருத்திப் பார்த்தார், கழற்றினார், போல்ட்டுகளைத் தளர்த்தி நடுப்பகுதியைக் கொஞ்சம் திருப்பினார், மறுபடி பொருத்தினார். எண்ணெய் வடிகிற வாய் நேராகக் கீழே பார்க்க வேண்டுமாம். கடையில் வாங்கிய புது சாமானை எதற்கு இந்தத் திருகு திருகுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

அடுத்து அவர் செய்ததுதான் இன்னும் குழப்பம். காபி கொண்டுவந்த அத்தையிடம், "தங்கச்சி, உள்ள உக்காந்து சாவியத் திருப்பும்மா. ஆனா வண்டி ஸ்டார்ட் ஆவக் கூடாது" என்றார். கையில் இன்ஜினிலிருந்து பிடுங்கிய ஒயர் ஒன்று இருந்தது. "டீசல் வராது, இன்ஜின் சும்மா சுத்தும். மொதல்ல டர்போவுக்கு எண்ணெய் ஏறட்டும். காஞ்சு கெடக்கசொல்ல ஸ்டார்ட் பண்ணா உள்ள கருகிடும்."

அத்தை இரண்டு கேள்வி கேட்டாள். பிறகு பக்கத்து சீட்டில் இருந்த எனக்கும் விளக்கினாள். அவர் சொன்னதைவிட அவள் சொன்னது நன்றாகவே புரிந்தது.

எண்ணெய் ஒழுகுகிறதா என்று பார்க்க மெக்கானிக் காருக்கு அடியில் போனார். அத்தை சாவியைத் திருப்பினாள். இன்ஜின் கரகரத்து ஓய்ந்தது. மறுபடி திருப்பினாள். அந்த நேரம் பார்த்துப் பெரியப்பாவும், தாம்பாளத்தோடு அம்மாவும் வெளியே வந்தார்கள். மூன்றாவது தடவையும் கரகரப்புதான்.

பெரியப்பாவின் முகம் தொங்கிப்போயிற்று. "எத்தினி தடவ திருப்புன?"

"மூணு தடவண்ணா." அத்தை தலையைக் குனிந்துகொண்டாள்.

"கல்யாணப் பொண்ணு கையாலயே எழும்பல. போற காரியம் எப்படி வெளங்கும்?"

சொல்லிவிடலாம் என்று நான் வாயைத் திறந்தேன். அத்தை என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். ஒரு நாளும் என்னைத் தொட்டு அடிக்காதவள். நான் ஓவென்று அழுதேன். கிளம்பும் நேரத்தில் பிள்ளை வேறு அழுகிறதே என்று பெரியப்பா அதையும் அபசகுனத்தில் சேர்த்துக்கொண்டு, உள்ளே போய்க் குறிஞ்சிப்பாடிக்குப் போன் போட்டார். அந்தச் சம்பந்தம் அத்தோடு நின்றது.

காருக்கு அடியில் எதுவும் சரியாகக் கேட்காத மெக்கானிக் கையைத் துடைத்தபடி வெளியே வந்தார். அம்மா பயணம் நின்ற விஷயத்தைச் சொல்லிவிட்டுத் தாம்பாளத்தோடு உள்ளே போனாள். அவர் அத்தையைப் பார்த்தார். "அண்ணங்கிட்ட நீ சொல்லலியாம்மா?"

"நீங்க சொன்னது எனக்கு ஒண்ணும் புரியலண்ணா."

அவர் ஒயரை மாட்டி, "இப்பத் திருப்பு" என்றார். ஒரே திருப்பில் கார் ஸ்டார்ட் ஆயிற்று. "இப்ப எழும்பி என்னத்துக்கு ஆவப்போவுது" என்று உள்ளேயிருந்து பெரியப்பாவின் குரல் கேட்டது.

வேறு இடம் அமையும்வரை படிக்கட்டும் என்று பெரியப்பா விட்டுவிட்டார். அத்தை ஹாஸ்டலுக்குப் புறப்பட்ட அன்று சிதம்பரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பஸ் திரும்பும்வரை கையாட்டிக்கொண்டே இருந்தாள். எனக்குத்தான் கவலை பிடித்துக்கொண்டது. நாலாவது படிக்கும் எனக்கே புரிந்த ஒன்று தனக்குப் புரியவில்லை என்று மெக்கானிக்கிடம் அவளே சொன்னாளே, இவள் போய் எப்படி எம்.எஸ்ஸி. பாஸ் பண்ணப்போகிறாள்?