தங்கச்சி கையெழுத்து

நிலம் வாங்கப் போகிறேன் என்று யாராவது வந்து சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி தண்ணீர் எப்படி என்பதல்ல. விற்கிறவனுக்குக் கூடப் பிறந்தவள் உண்டா என்பதுதான். "நான் என்ன பெண்ணா பார்க்கப் போகிறேன்?" என்று ஒருவர் சிரித்தார். சிரிக்கட்டும். நானும் சிரித்தவன்தான்.

சேலத்தில் ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் குமாஸ்தாவாக இருந்தேன். குடியிருந்தது குவார்ட்டர்ஸ். ஓய்வு பெறும் நாளில் சாவியைக் கொடுத்துவிட்டுத் தெருவில் நிற்க வேண்டியவன். அதனால் அப்பா இறந்தபின், கோவில் தெருவில் இருந்த அவர் வீட்டை விற்று, அந்தப் பணத்தில் கிணற்றோடு கொஞ்சம் பூமி வாங்கி, கடைசிக் காலத்தில் அங்கே போய்விடுவது என்று முடிவு செய்தேன். எனக்கு ஒரே தங்கை. நாங்கள் கிறிஸ்தவர்கள், எங்கள் சட்டத்தில் பெண்ணுக்கும் பங்கு முன்பே உண்டு. தன் பங்கு வேண்டாம் என்று அவள் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தாள். ரிஜிஸ்தர் ஆபீசில் பேனாவைப் பிடித்தபடி சற்று நேரம் அப்படியே நின்றாள். அதிகாரி சாப்பாட்டுக்கு எழுந்துவிடுவாரே என்று எனக்குப் பதற்றம். "சீக்கிரம் போடும்மா" என்றேன். போட்டாள்.

வெண்ணந்தூர்ப் பக்கம் மூன்று ஏக்கர் இருக்கிறது என்று ஒரு தரகர் அழைத்துப் போனார். நல்ல மனிதர் என்றுதான் இன்றும் சொல்வேன். பொய் சொல்லவில்லை, உண்மையைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார், அவ்வளவுதான். விற்பவர்கள் அண்ணன் தம்பி இருவர். அவர்களுடைய தகப்பனார் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய பூமி. உயில் எழுதாமல் இறந்திருந்தார். தாயும் முன்பே போய்விட்டாள். மேட்டில் சோளமும் குச்சிக்கிழங்கும், பள்ளத்தில் ஒரு கல் கட்டுக் கிணறு. சித்திரை மாதத்தில் போய் எட்டிப் பார்த்தேன். தண்ணீர் கிடந்தது. என் ஆயுசு அந்தக் கிணற்றுக்குள் பத்திரமாக இருப்பதாக அப்போது எனக்குப் பட்டது.

ஏமாந்தவன் என்று என்னைச் சொல்லாதீர்கள். மூலப் பத்திரத்தை வாங்கி நான்கு எல்லையும் சரிபார்த்தேன். வில்லங்கச் சான்று எடுத்தேன். சர்வே கல் ஒவ்வொன்றையும் கையால் தடவிப் பார்த்தேன். வண்டித் தடம் யார் பூமி வழியாக வருகிறது என்று விசாரித்து அதையும் பத்திரத்தில் எழுதச் சொன்னேன். "ஏனுங்க, வக்கீலுக்குப் படிச்சீங்களா?" என்று தரகரே கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கிரயத்துக்கு முன் ஒருநாள் அவர்கள் வீட்டில் சாப்பிட்டேன். பரிமாறியது அவர்களுடைய தங்கை. பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்தவள், எனக்காகவே வந்திருந்தாள். கொள்ளுப் பருப்பை இரண்டாம் முறை ஊற்றும்போது, "எங்கய்யன் வெட்டுன கெணறுங்க அது. தூர்ந்து போகாம பாத்துக்குங்க" என்றாள். அண்ணன்மார் இருவரும் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இந்துப் பெண்களுக்கும் தகப்பன் சொத்தில் பங்கு என்று சட்டம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அந்தத் தகப்பனார் இறந்தது அதற்குப் பிறகு. இது எனக்குத் தெரியும். திரும்பி வரும் வழியில் தரகரிடம் கேட்டேன்: "அந்தப் பொண்ணும் கையெழுத்துப் போட வேண்டாமா?"

அவர் சைக்கிளை நிறுத்திவிட்டார். "என்னங்க இப்படிக் கேக்கறீங்க? சீரு செனத்தி எல்லாம் செஞ்சு கட்டிக் குடுத்த புள்ளைங்க. பொறந்தவளக் கொண்டுபோய் ரிஜிஸ்தர் ஆபீசுல நிறுத்துனா, பங்குக்கு வந்து நிக்கறாள்னு ஊரே பேசுமுங்க. அந்தப் புள்ளைக்கு அப்பறம் பொறந்த ஊடு உண்டுங்களா? இதக் கேட்டீங்கன்னா யாவாரமே முறிஞ்சுரும், சாமி."

அந்தப் பக்கத்தில் அது உண்மைதான். மானத்தோடு வாழ்கிற குடும்பத்தில் யாரும் பெண்ணைக் கையெழுத்துக் கேட்கவில்லை. கேட்பது அவளையே அவமானப்படுத்துவது என்று நினைத்தார்கள். நானும் மரியாதை தெரிந்தவனாக வாயை மூடிக்கொண்டேன். என் மரியாதையில் பாதி, கிணறு கைநழுவிப் போய்விடும் என்ற பயம். பத்திரத்தில், "எங்கள் இருவரைத் தவிர வேறு வாரிசுகள் கிடையாது" என்று எழுதினார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள், அந்தச் சோற்றைப் போட்டவள் கையாலேயே சாப்பிட்ட நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான்காம் வருடம் நோட்டீஸ் வந்தது. மூன்றில் ஒரு பாகம் கேட்டு அவள் வழக்குப் போட்டிருந்தாள்.

அண்ணன்மாரைத் தேடிப் போனேன். எந்த வில்லங்கம் வந்தாலும் முன்னின்று தீர்த்துத் தருவோம் என்று பத்திரத்தில் எழுதிக் கொடுத்தவர்கள் அல்லவா? பெரியவன் லாரியில் கிளீனராகப் போயிருந்தான், சின்னவன் ஊரிலேயே இல்லை. ஜப்தி செய்ய அவர்களிடம் வேட்டி துண்டுதான் இருந்தது. பத்திரத்தில் அந்த வரியைப் பார்த்து நிம்மதியாகத் தூங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன்: எழுதிக் கொடுத்தவனிடம் ஏதாவது இருந்தால்தான் அந்த வரிக்கு மதிப்பு.

பிறகு அவளையே போய்ப் பார்த்தேன். முற்றத்தில் நிலக்கடலை ஆய்ந்துகொண்டிருந்தாள். எழுந்து தண்ணீர் கொடுத்தாள். "ஏம்மா இப்படிச் செஞ்சே?" என்று கோபமாகத்தான் ஆரம்பித்தேன்.

"அன்னைக்குச் சாப்புட்டீங்களே, அப்பவே ஒரு வார்த்த கேட்டிருந்தீங்கன்னா கையெழுத்து வெச்சிருப்பேனுங்க" என்றாள். "எனக்குப் பூமி வேண்டியதில்லீங்க அப்ப. வேற வாரிசே இல்லைன்னு எழுதியிருக்காங்கன்னு அப்பறம் ஒருத்தர் படிச்சுச் சொன்னாருங்க. அப்ப நான் யாருக்குப் பொறந்தவளுங்க?"

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகலைம்மா. பேசி முடிச்சுக்கலாம்."

"இல்லீங்க. இப்ப எம்பட பேரு காயிதத்துல வந்திருச்சுங்க. அத நானே எப்படி அழிக்கறது?"

எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை என்றால் பொய். ஆனால் அந்தக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

வழக்கு வருடக்கணக்கில் நடந்தது. தீர்ப்பு வந்து, வக்கீல் கமிஷனர் அளந்து பிரித்தபோது, கிணறும் அதை ஒட்டிய பள்ளமும் ஒரு பாகம், மேடு இரண்டு பாகம் என்று ஆயிற்று. கிணற்றுப் பாகம் அவளுக்குப் போனது. மேட்டில் நான் வெட்டிய புதுக் கிணற்றில் பாறைதான் வந்தது. கடைசியில் மேட்டைக் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டேன். அவளும் அந்தப் பூமியை ஆண்டு அனுபவிக்கவில்லை. இரண்டாவது கோடையில், ஆயில் இன்ஜின் வைத்திருந்த ஒருவருக்கு அவள் புருஷன் கிணற்றுப் பாகத்தை விற்றுவிட்டான். முடித்துக் கொடுத்தது அதே தரகர். அந்தக் கிரயத்தில் அவளைக் கையெழுத்துப் போட வைத்தார்களாம். சட்டம் தெரிந்துகொண்டார்கள்!

எனக்கு ஓய்வு பெற இன்னும் மூன்று மாதம் இருந்தது. வீடில்லை, பூமியில்லை. என் தங்கை கொண்டப்பநாயக்கன்பட்டியில் மலை அடிவாரத்தில் சொந்த வீட்டில் இருந்தாள். சின்ன வீடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவளைப் பார்க்கப் போனேன். பழைய கதையெல்லாம் பேசினோம். வழக்கைச் சொன்னேன். வெண்ணந்தூர்க்காரி சொன்னதைச் சொன்னபோது அவள் காபியைக் கீழே வைத்துவிட்டாள்.

ஏனோ அப்போது கேட்டுவிட்டேன்: "அன்னைக்கு நீ போட்ட பத்திரத்தில என்ன எழுதியிருந்ததுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்ணே. நான்தான் எட்டாவது படிச்சேனே. நின்னுக்கிட்டே ரெண்டு பக்கம் படிச்சேன்." முந்தானையால் டம்ளர் அடியைத் துடைத்தாள். "போட மாட்டேன்னு நிக்கல. உனக்குச் சம்மதமான்னு நீ வாய் திறந்து ஒருதரம் கேப்பேன்னுதான் நின்னேன். நீ மணியைப் பார்த்தே."

கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்துக்கொண்டு எழுந்தேன். அவள் வீட்டில் ஓர் அறை கிடைக்குமா என்று கேட்கத்தான் போயிருந்தேன். கேட்கவில்லை.