நூற்று இருபத்தைந்து மீட்டர்

நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம், எனக்கு வருத்தமில்லை. பேய் என்றால் நடுநிசியில்தான் வரும் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தவன்தான். எனக்கு வந்தது பட்டப்பகலில், மதியம் சாப்பிட்ட கை காய்வதற்குள். கூட இருந்த இஸ்கந்தரும் கேட்டார். சந்தேகம் இருந்தால் அவரைக் கேளுங்கள்.

செங்கடல் கரையில் ஒரு சின்ன மீன்பிடித் துறைமுகம். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே கரை ரேடியோ நிலையத்தில் நான் ஆபரேட்டர். படகுகளுக்குக் காற்று நிலவரம் சொல்வது என் வேலை. இஸ்கந்தர் மெக்கானிக். வாய் ஓயாத மனிதர்.

எங்கள் சுவர்க் கடிகாரத்தில் இரண்டு இடத்தில் சிவப்புப் பட்டை போட்டிருக்கும். முழு மணிக்கு மூன்று நிமிடம், அரை மணிக்கு மூன்று நிமிடம். அந்த நேரத்தில் ஆபத்து அலைவரிசையில் யாரும் பேசக் கூடாது. மூழ்குகிறவன் கூப்பிட்டால் மட்டும் பதில் சொல்லலாம். அவன் குரல் எவ்வளவு மெலிந்திருந்தாலும் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. ஹெட்போனை மாட்டிக்கொண்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

முன்பெல்லாம் நாங்கள் 2,000 கிலோசைக்கிளில் பேசினோம். அலை நீளத்தை மீட்டரில் சொன்னால் 150. துறைமுகமே எங்கள் நிலையத்தை 'நூத்தைம்பது' என்றுதான் கூப்பிடும். பிறகு 2,400-க்கு மாற்றினார்கள். மாற்றிய அதே வாரம், ஒரு காற்றில் ரயிஸ் அவ்னியின் படகு போயிற்று. ரயிஸ் என்றால் எங்கள் பக்கம் படகுத் தலைவர். நான் தொண்டை கிழிய எச்சரித்தேன். அவரிடமிருந்து பதிலே இல்லை. பிறகு படகு கிடைத்தது, ரேடியோ செட் கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. செட்டின் முள் 180 மீட்டரில் துருவேறி இறுகிப்போயிருந்தது. ஏன் 180 என்று எங்களுக்கு விளங்கவில்லை. அலை அடித்துத் திரும்பியிருக்கும் என்று விட்டுவிட்டோம். உதிரிப் பாகத்துக்கு ஆகும் என்று இஸ்கந்தர் அதைப் பின்னறையில் போட்டு வைத்தார்.

அடுத்த ஏப்ரல். கம்ஸீன் காற்று பாலைவனத்துப் புழுதியை அள்ளிக்கொண்டு வந்திருந்தது. அறைக்குள்ளேயே எல்லாம் மஞ்சளாகத் தெரிந்தது. ஒரு மணிக்கு மேல் வானிலை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. மூன்று மணிக்குள் காற்று திரும்பி வடக்கிலிருந்து அடிக்கும், எல்லாப் படகும் பவளப்பாறைக்கு உள்ளே வந்துவிட வேண்டும். நான் 2,400-இல் சொன்னேன். நான்கு படகுகள் பதில் தந்தன. ஐந்தாவது படகான ஹதீயா தரவில்லை. அதில்தான் என் தம்பி ராமி இருந்தான்.

"ஹதீயா, ஹதீயா, கேக்குதா?"

இரைச்சல் மட்டும்தான் வந்தது.

"புது செட்டுடா லுத்ஃபி, பழகலை போல" என்றார் இஸ்கந்தர், ஃபூல் என்கிற மொச்சைக் கூழை வழித்த ரொட்டியை வாயில் போட்டுக்கொண்டே. "புதுசுன்னா, பழைய மார்க்கெட்டுல வாங்குன புதுசு. முள்ளைத் திருப்புற குமிழ்கூட இல்லாம வந்துச்சு. நான்தான் ஒண்ணு போட்டுக் கொடுத்தேன். முள்ளுக்குக் கீழ கிலோசைக்கிளே கிடையாது, வெறும் மீட்டர்."

"மீட்டரா? அப்ப யாரு கணக்கு மாத்திச் சொன்னது?"

"உன் தம்பிதான். பெரிய இன்ஜினியராச்சே! ரெண்டாயிரம் ரெண்டாயிரத்து நானூறாச்சு, அஞ்சுல ஒரு பங்கு ஏறிடுச்சு, அதனால நூத்தைம்பதும் அஞ்சுல ஒரு பங்கு ஏறணும்னான். நூத்தி எண்..."

ரொட்டி அவர் கையிலேயே நின்றது.

கிலோசைக்கிள் ஏறினால் மீட்டர் இறங்கும். மூன்று லட்சத்தைக் கிலோசைக்கிளால் வகுக்க வேண்டும். 2,400-க்கு 125 மீட்டர். கீழே வர வேண்டியவன் மேலே போய் உட்கார்ந்திருந்தான். ஒரு வருடத்துக்கு முன்பு அவ்னியும் இதே கணக்கைத்தான் போட்டிருக்கிறார்!

180 மீட்டரில் பேச எங்களிடம் வழியில்லை. எங்கள் செட்டில் 2,400, ஆபத்து அலைவரிசை என்று இரண்டேதான், அவற்றுக்கென்றே வெட்டிய படிகம் போட்டது. என் தம்பி எனக்கு எட்டாத இடத்தில் காதை வைத்துக்கொண்டு காத்திருந்தான். நான் அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

மணி 1:30. கடிகார முள் சிவப்பில் ஏறியது. நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். இஸ்கந்தர் ஸ்பீக்கரையும் திறந்து வைத்தார்.

"நூத்தைம்பது... நூத்தைம்பது... கேக்குதாப்பா?"

வயதான குரல். பக்கத்து நாற்காலியில் இருந்து பேசுவதுபோல் அவ்வளவு தெளிவு. அந்தப் பழைய பெயரைச் சொல்லி எங்களை யாரும் கூப்பிட்டு மாதக்கணக்காயிற்று.

"எத்தனை மீட்டர்? சொல்லுப்பா..."

ஆபத்து என்று அவர் சொல்லவில்லை. மைக்கில் கை வைக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. அலையின் பலம் காட்டும் கருவியைப் பார்த்தேன். அதன் முள் பூஜ்யத்தில் கிடந்தது, அசையவே இல்லை. குரல் வந்துகொண்டிருந்தது.

சிவப்பு முடிந்ததும் கூப்பிட்டேன். யாரும் இல்லை.

"யாருடா அது?" என்றார் இஸ்கந்தர். அவர் கை சிலுவைக் குறி போட்டுக்கொண்டிருந்தது.

எனக்குத் தெரிந்துவிட்டது. ஆபத்து அலைவரிசையின் ஸ்பீக்கரை அணைத்தேன்; 2,400-க்கு வேறு ஸ்பீக்கர் உண்டு. ஹெட்போன் ஒயரையும் பிடுங்கிக் கீழே போட்டேன்.

அதற்குப் பிறகு ஹதீயாவை எத்தனை முறை கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியாது. வெளியே காற்று நின்றுபோயிருந்தது. திரும்பப்போகிற காற்று அப்படித்தான் ஒரு கணம் நிற்கும்.

மணி 2:00.

ஒயர் தரையில் கிடந்தது...

ஹெட்போனில் ஒரு சத்தம். கிரீச்... டப். கிரீச்... டப். படகுக்குள் புகுந்த தண்ணீரைக் கைப்பம்பால் இறைக்கிற சத்தம்.

பிறகு இருமல். துறைமுகத்தில் எல்லோருக்கும் தெரிந்த இருமல்.

"நூத்தைம்பது... பசங்க இங்க என் பக்கத்துல நிக்கறானுங்க. எத்தனை மீட்டர்னு கேக்கறானுங்க. எனக்குத் தெரியலையேப்பா..."

பசங்க!

நான் மைக்கை அழுத்தினேன். சிவப்பாவது, சட்டமாவது.

"ரயிஸ்! மூணு லட்சத்தை ரெண்டாயிரத்து நானூறால வகுங்க. நூத்தி இருபத்தஞ்சு! மேல போகக் கூடாது. கீழ எறங்கணும்!"

பம்ப் சத்தம் நின்றது.

"கீழயா..."

நீண்ட மூச்சு.

"நாங்க மேலல்லவா போயிட்டோம்."

அவ்வளவுதான்.

இஸ்கந்தர் என் தோளைப் பிடித்திருந்தார்.

கால் மணி நேரம் கழித்து, 2,400-இல் ராமியின் குரல் வந்தது. "அண்ணே, ஹதீயா பேசுறேன்." எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எச்சரிக்கையைச் சொன்னேன். அவர்கள் பவளப்பாறைக்கு உள்பக்கம் வந்த கொஞ்ச நேரத்தில் காற்று திரும்பியது. அன்று வெளியே இருந்திருந்தால் ஒரு பலகைகூட மிஞ்சியிருக்காது.

கரையில் தம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். பிறகு முதுகில் ஒன்று வைத்தேன்.

"யாருடா உனக்குக் கணக்குச் சொன்னது?"

"உங்க ஆளுதாண்ணே. வயசானவரு. நூத்தி எண்பதுல உக்காந்திருந்தோமா, திடீர்னு ரேடியோல வந்தாரு. 'இங்க நிக்காதீங்கடா, இது என் எடம். நூத்தி இருபத்தஞ்சுக்கு எறங்குங்க'ன்னாரு. புதுசா ஆள் போட்டிருக்கீங்களா?"

நான் நிலையத்தைப் பார்த்து நடந்தேன்.

திரும்பியதும் நானும் இஸ்கந்தரும் பின்னறையைத் திறந்தோம். அவ்னியின் செட் பழைய சாக்குக்கு அடியில் கிடந்தது. ஒயர் இல்லை, பேட்டரி இல்லை. கண்ணாடி மேல் ஒரு வருடத் தூசி படிந்திருந்தது. அதில் விரல் பட்ட தடம் இல்லை.

கண்ணாடியைத் துடைத்தேன்.

முள் 125-இல் நின்றது.

"நீங்க திருப்புனீங்களா?" என்றேன்.

இஸ்கந்தர் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார்.

"எதை வச்சுடா திருப்புறது? அதோட குமிழைப் போன வாரமே கழட்டிட்டேன். அதைத்தான்... உன் தம்பி செட்டுல போட்டுக் கொடுத்தேன்."