நீலப் படகுக்கு நான் செய்த சிபாரிசு

படகின் இருக்கையைத் தூக்கி அதன் அடிப்பக்கத்தைத் தடவிக்கொண்டிருந்த மாமாவின் விரல்கள்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. புடவையென்றால் மறுபக்கத்தைப் புரட்டிப் பார்க்காமல் பேச மாட்டார். படகையும் அப்படித்தான் பார்த்தார். கோவளம் பக்கம் ஒரு கொட்டகையில் பழைய மோட்டார் படகுகள் இரண்டு அடுத்தடுத்து நின்றன. ஒன்று வெள்ளை, மற்றது நீலம். ஒரே கம்பெனி, ஒரே எஞ்சின், ஒரே வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் என் அக்காவை உப்பங்கழியில் சுற்றிக்காட்ட வேண்டும் என்று அவருக்கு ஆசை. படகைப் பார்த்துச் சொல்ல, தாமலில் மோட்டார் பழுது பார்க்கும் என்னை, அக்கா வற்புறுத்தியதால் அழைத்துப் போயிருந்தார்.

அக்காவின் கணவரான அவருக்குப் பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை. வெளியூர்க்காரர்களை ஏற்றிவரும் ஆட்டோக்காரர்கள் பக்கத்திலேயே நின்று, "இது நல்லா இருக்குதுமா, எடுத்துக்கோ" என்பார்கள். விற்றால் கமிஷன். அந்தக் கமிஷனைக் காலமெல்லாம் தன் கையாலேயே கொடுத்தவர் மாமா. அதனால் யார் எதை நல்லது என்றாலும் அவர் கண் சுருங்கிவிடும். கல்யாணமான நாளிலிருந்து என்னையும் அப்படித்தான் பார்த்தார். நான் சொன்ன டாக்டரிடம் போக மாட்டார். நான் சொன்ன கடையில் மிக்ஸிகூட வாங்க மாட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வெள்ளைப் படகில் வெளியே நிறையக் கீறல்கள், ஆனால் உள்ளே கல்லு மாதிரி இருந்தது. நீலம் பளபளத்தது. ஏறி நடந்தபோது பின்பக்கம் ஓரிடத்தில் தளம் லேசாக அமுங்கியது. உள்ளே தண்ணீர் ஊறி மரம் இற்றுப்போயிருக்கிறது என்று தெரிந்துவிட்டது. அக்காவுக்கு நீச்சல் தெரியாது. வெள்ளையை எடுங்கள் என்றால் இந்த மனுஷன் நீலத்தைத்தான் எடுப்பார். எனவே, "நீலத்த எடுங்க மாமா, வெள்ள வேணாம்" என்றேன்.

மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். கொட்டகைக்காரரைத் தனியே கூட்டிப்போய் வெகுநேரம் பேசினார். திரும்பி வந்தபோது முகமே மாறியிருந்தது. "துருவித் துருவிக் கேட்டுட்டேன். நீ கமிஷனே கேக்கலியாமே. இத்தினி வருஷமா உன்ன தப்பா நெனச்சிக்கினு இருந்தேன் மச்சான்" என்று தோளில் கைபோட்டார். நீலத்தையே வாங்கினார்.

வாயைத் திறந்திருக்க வேண்டும். அவர் என் தோளில் கைபோட்டது அதுதான் முதல் தடவை. அதை இழக்க மனம் வரவில்லை. தண்ணீரில் இறக்குவதற்குள் தளத்தை நானே சரிசெய்துவிடலாம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அடுத்த ஞாயிறே, எனக்குச் சொல்லாமல், அக்காவை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். நடுத்தண்ணீரில் தளம் பிளந்தது. மீன்பிடிக்க வந்தவர்கள் இருவரையும் இழுத்துக் கரைசேர்த்தார்கள். அக்கா இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அந்த இரண்டு நாளும் அவள் முகத்தைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது.

மாமா இன்றைக்கும் ஊரில் ஒருவரையும் நம்புவதில்லை, என்னைத் தவிர. நாங்கள் பார்த்த படகைக் கொட்டகைக்காரன் மாற்றிக் கொடுத்துவிட்டான் என்பது அவர் முடிவு. போன வாரம் கடையில் அந்தப் பேச்சு மறுபடி வந்தது. புடவை மடித்துக்கொண்டிருந்த அக்கா தலை நிமிராமல், "அன்னிக்கு நீ உள்ள ஏறி நடந்து பாத்தியாடா?" என்று கேட்டாள்.

நானும் ஒரு புடவையை எடுத்து மடிக்கத் தொடங்கினேன்.

"பாக்காம இருப்பானா? அவன போயி சந்தேகப்படுறியே" என்று மாமா அவளைக் கடிந்துகொண்டார்.