நைனா கண்டுபிடிக்காத சத்தம்

என் நைனா வேதாச்சலம் எதிலும் அவசரப்படாத மனிதர். அவசரப்பட்டு அவர் செய்த ஒரே காரியம் அந்தப் பழைய பிக்கப் வண்டியை வாங்கியதுதான் என்று அம்மா சொல்வாள். அது பொய். வாங்கச் சொல்லித் தலைகீழாக நின்றவளே அம்மாதான். விற்றது அவளுடைய தம்பி கோவர்த்தனன் மாமா.

நாங்கள் நகரியில் தறிக்காரக் குடும்பம். நைனா மட்டும் சண்டைக் காலத்தில் பட்டாளத்தில் சேர்ந்து வண்டி ஓட்டப் பழகிக்கொண்டு வந்தார். அதன் பிறகு தறிக்குழியில் கால் விட அவருக்கு மனமில்லை. யார் யாருடைய லாரியையோ ஓட்டி இடுப்பு தேய்ந்தபின், பட்டாளம் கழித்துக்கட்டிய இந்த வண்டி கைக்கு வந்தது. நகரியில் புடவை மூட்டை ஏற்றித் திருப்பதிக் கடைகளில் இறக்குவார். அங்கிருந்து புத்தலப்பட்டு வழியாகச் சித்தூர் போய் வெல்லம் ஏற்றிக்கொண்டு திரும்புவார். வீட்டுக்கு வரும்போது பேசக்கூடத் தெம்பு இருக்காது. சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தபடியே கண் செருகும்.

வாங்கிய ஒரு மாதம் வண்டி முனகாமல் போனது. பிறகு பின்னாலிருந்து சத்தம் வந்தது. ஏற்றத்தில் உய்ங்கென்று இழுக்கும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் கரகரவென்று அரைக்கும். நைனா ஸ்பிரிங் பட்டைகளுக்குக் கிரீஸ் போட்டார். ஸ்பிரிங் புஷ் மாற்றினார். பின்கதவுச் சங்கிலிக்குத் துணி சுற்றினார். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி நிறுத்திச் சுற்றிப் பார்த்து பேரிங்கையும் மாற்றினார். ஒவ்வொரு தடவையும், "இது இல்ல போல" என்று கையைத் துடைத்துக்கொள்வார்.

இதில் எனக்கும் வேலை உண்டு. காலி வண்டியின் பின்னால், பலகையில் காதை வைத்து நான் குப்புறப் படுத்துக்கொள்ள வேண்டும். சத்தம் இடப்பக்கம் என்றால் ஒரு தட்டு, வலப்பக்கம் என்றால் இரண்டு தட்டு. கல்யாண வயதுப் பெண் வெல்லப் பிசுக்கில் படுத்துக்கொண்டு நாராயணவனம் ரோட்டில் போவதைப் பார்த்து ஊரே சிரித்தது. சத்தம் நடுவிலிருந்துதான் வருகிறது என்று நான் எத்தனை முறை சொன்னாலும் நைனா காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

"நடுவுல இருக்கறத நான் பாத்துட்டேன் சுலோசனா. அதுல ஒன்னுமில்ல. நீ ஓரத்தக் கவனி."

ஊர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். ஆனால் என் கல்யாணமே அந்தச் சத்தத்தில் மாட்டிக்கொண்டிருந்தது.

கோவர்த்தனன் மாமாவுக்குத்தான் என்னைக் கொடுப்பது என்று நான் பிறந்தபோதே பேசி வைத்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் அக்கா மகள் இருக்கும்போது தாய்மாமன் வெளியே பெண் தேட மாட்டான். மாமாவுக்குத் திருத்தணியில் பழைய வண்டி, பழைய எஞ்சின் வாங்கி விற்கும் வியாபாரம். சிரித்த முகம். அவர் வந்தால் வீடு கலகலவென்றாகிவிடும். எனக்கும் அவரைப் பிடிக்கும், அதை மறைப்பானேன். தாய் தகப்பன் போனபின் அம்மா தூக்கி வளர்த்த பிள்ளை அவர். பிறந்த வீடு என்று அவளுக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு தம்பிதான்.

தாம்பூலம் மாற்ற நாள் பார்க்கலாம் என்று அம்மா பேச்செடுத்தால் போதும், "மொதல்ல வண்டி சரியாவட்டும். கல்யாணச் சாமான ஏத்திக்கினு போறப்ப நடுவழியில நின்னா நல்லாவா இருக்கும்?" என்பார் நைனா. இப்படியே ஒரு வருடம் ஓடியது. அதற்குள் ஆந்திராவுக்கும் மெட்ராஸுக்கும் இருந்த எல்லைத் தகராறும் தீர்ந்துவிட்டது. வருகிற ஏப்ரலில் திருத்தணி மெட்ராஸோடு போகிறது, நகரி ஆந்திராவிலேயே இருக்கிறது என்று ஆனதும் அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. நடுவில் கேட் போடுவார்கள், கேள்வி கேட்டுத்தான் ஆளை விடுவார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டதை அவள் அப்படியே நம்பினாள்.

"அவன் ஒரு ராஜ்யம், நாம ஒரு ராஜ்யமா? அதுக்கு மின்ன முடிச்சிடணும். ஒரு சத்தத்தக் கண்டுபுடிக்கத் துப்பில்ல, நீங்க இன்னா பட்டாளத்துல வண்டி ஓட்னீங்க? என் தம்பி குடுத்த வண்டி நல்ல வண்டிதான். ஓட்றவருதான் சரியில்ல."

நைனா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். அந்த முதுகைப் பார்த்தால் எனக்கே எரிச்சலாக வரும்.

மாசி மாதத்தில் ஒரு காலை, "இன்னிக்கு நானும் வரேன். இதுக்கு ஒரு முடிவு கட்டாம ஊட்டுக்குத் திரும்ப மாட்டேன்" என்று அம்மா வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். நானும் போனேன். சித்தூரில், வழக்கமாக வண்டி பார்க்கும் முனிகிருஷ்ணன் ஷெட்டில் எங்களை விட்டுவிட்டு, நைனா வெல்ல லோடு பேச மண்டிக்குக் கிளம்பினார். "ஸ்பிரிங்க மட்டும் பாரு. வேற எதையும் தொடாத" என்று முனிகிருஷ்ணனிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் அம்மா ஆரம்பித்தாள்.

"ஸ்பிரிங் ஸ்பிரிங்னு ஒரு வருசம் ஆச்சுண்ணா. நெஜமாவே எங்கேர்ந்து வருது சத்தம்?"

"இழுக்கும்போது ஒரு மாதிரி, கால எடுத்தா வேற மாதிரி கத்துனா, அது உள்ள இருக்கற பல்சக்கரம்மா" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார் முனிகிருஷ்ணன்.

"அப்ப அத்தத் தொறங்க."

"அவரு தொட வேணாம்னு..."

"நான் சொல்றேன், தொறங்க."

பின் அச்சின் நடுவில் பானை போல் உப்பியிருக்கும் இரும்புக் கூட்டின் மூடியை அவர் கழற்றினார். கறுப்பு ஆயில் தகரத்தில் வடிந்தது. பற்கள் தேய்ந்து கூராகியிருந்தன. மூலையில் ஒட்டியிருந்த எதையோ அம்மாவே விரலால் வழித்தெடுத்தாள்.

"இன்னாண்ணா இது?"

"மரத்தூள்மா. பல்லு தேஞ்ச வண்டியத் தள்ளிவுடணும்னா ஆயில்ல இத்தக் கலந்து ரொப்பிடுவாங்க. கொஞ்ச நாளைக்கு சத்தம் அமுங்கிக்கினு இருக்கும்."

"நாங்க வாங்கினதுக்கு அப்பால எந்த ஷெட்லயாவது போட்டிருப்பாங்க" என்றாள் அம்மா. அவள் குரல் இறங்கிவிட்டது.

"லேதம்மா. நீங்க வண்டி வாங்கின ரெண்டாம் மாசமே உங்க ஊட்டுக்காரரு இங்கதான் இத்தத் தொறந்தாரு. ரெண்டு கையாலயும் வழிச்சி வழிச்சி எடுத்தாரு, நான் கூடவே நின்னேன். வேற பல்சக்கரம் மெட்ராஸ்ல சொல்லி வெக்கலாம்னேன். இப்ப வேணாம், சத்தம் எதுன்னு தெரியலன்னே இருக்கட்டும், ஊட்ல சொல்லிடாதன்னாரு. பொய் சொல்லிச் சொல்லி எனக்கும் அலுத்துப்போச்சு தாயி."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. தெரிந்த சத்தத்துக்கா என்னை அத்தனை நாள் பலகையில் படுக்கப் போட்டார்? பிறகுதான் மெல்லப் புரிந்தது. சத்தம் தீர்ந்தால் கல்யாணத்துக்கு நாள் குறிக்க வேண்டும். குறிக்க மறுத்தால், உன் தம்பி நம்மை ஏமாற்றிவிட்டான் என்று அம்மாவிடம் சொல்ல வேண்டும். மரத்தூள் கலந்த கையில் என்னைப் பிடித்துக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. அம்மாவின் பிறந்த வீட்டை இல்லாமல் செய்யவும் மனம் வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, துப்புக்கெட்டவர் என்ற பெயரை வாங்கிக்கொண்டு, ஒரு வருடமாக ஸ்பிரிங்குக்குக் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தார்.

அம்மா விரல்களைத் தேய்த்துக்கொண்டே நின்றாள். ஒட்டிய தூள் போகவில்லை. கடைசியில் முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"மூடிடுங்கண்ணா. நாங்க ஒன்னும் பாக்கல" என்றாள்.

நைனா வெயிலில் கறுத்துப்போய்த் திரும்பி வந்தார். "ஸ்பிரிங்குதானே?" என்று கேட்டார். ஆமாம் என்று முனிகிருஷ்ணன் தலையை ஆட்டினார்.

"சுலோசனாவ கோவர்த்தனனுக்குக் குடுக்க வேணாம்" என்றாள் அம்மா.

நைனா திடுக்கிட்டார். "இன்னாமே திடீர்னு? உன் தம்பிக்கு இன்னா கொறச்சல்? நல்ல புள்ள. வண்டி மட்டும் சரியாயிட்டா..."

அப்போதும் அவர் மாமாவை விட்டுக்கொடுக்கவில்லை.

"கொறச்சல் ஒன்னுமில்ல. என் பொண்ணு, எனக்கு இஷ்டமில்ல. நானே ஆள் அனுப்பி சொல்லிடறேன். நீங்க ஒன்னும் பேசவேணாம்."

நைனா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி, கொஞ்சம் படுக்கறேன்" என்று வண்டியின் பின்னால் ஏறி, காலிச் சாக்குகளின் மேல் சாய்ந்தார். சுற்றிலும் சுத்தியல் அடித்துக்கொண்டிருந்தும், படுத்த உடனே தூங்கிப்போனார்.

அம்மா மேலே ஏறி அவர் தலைமாட்டில் உட்கார்ந்தாள். முகத்தில் வெயில் படாமல் முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. தம்பிக்காகவா புருஷனுக்காகவா என்று நான் கேட்கவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் மண்டியிலிருந்து வெல்லம் ஏற்றிய மாட்டுவண்டி வந்து நின்றது. வேதாச்சலம் வண்டி இதுதானே, லோடு மாற்றலாமா என்று வண்டிக்காரன் உரக்கக் கேட்டான். அம்மா உதட்டில் விரலை வைத்து அவனை அடக்கினாள். வேறு வண்டி பார்த்துக்கொள்ளச் சொல்லித் திருப்பி அனுப்பினாள்.