நான்காவது காம்பு

சவர்க்காரத் தூள் போட்டுப் பால் சட்டி கழுவும்போது ஒரு மணம் எழும். இனிப்பும் காரமுமாய், கொஞ்சம் குமட்டுகிற மணம். இத்தனை வருடம் கழித்தும் அது என்னை ஒரு மிருக வைத்தியரின் மேசைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. உங்கள் மாட்டின் மடி வீங்கி, என்ன செய்வதென்று தெரியாமல் இதை வாசிக்கிறீர்கள் என்றால், நான் விட்ட பிழையையும் சேர்த்தே வாசியுங்கள்.

அது சண்டைக் காலம். பாலையூற்றில் இருந்தோம். எங்கள் ஒரே மாடு வெள்ளச்சியின் பாலை ஐந்து வீடுகளுக்குக் கொடுத்து நானும் தம்பியும் சீவித்தோம். ஒருநாள் பின்னேரம் திடீரென்று ஊரடங்கு போட்டார்கள். வெள்ளச்சி றோட்டுக்கு அந்தப் பக்கத்து வெறும் வளவில் கட்டி நின்றது. இருபதடி தூரம். தாண்ட ஏலாது. கறக்க ஆளில்லாமல் மறுநாள் மத்தியானம் வரை கத்தியது. பிறகு கத்தவில்லை. அதுதான் என்னைப் பயப்படுத்தியது.

ஊரடங்கு தளர்ந்ததும் ஓடினேன். மாட்டு மடிக்குள் நான்கு தனித்தனி அறைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு காம்பு. பின் இடது அறை கொதித்தது. பீய்ச்சினால் மஞ்சள் தண்ணீரும் திரிந்த பால் கட்டிகளும் வந்தன.

அதை ஒரு போத்தலில் எடுத்துக்கொண்டு ரவுணுக்கு, மிருக டொக்டரிடம் நடந்தேன். வழியில் சென்றியில் காவல் நின்ற ஆமிப் பெடியன் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். “மாட்டுக்கு வருத்தம், மருந்தெடுக்கப் போறன்” என்றேன். அவனுக்குத் தமிழ் விளங்கவில்லை. எனக்குச் சிங்களம் வராது. குடித்துக் காட்டு என்று கையால் காட்டினான். ஒரு மிடறு குடித்தேன். உப்பு.

டொக்டரிடம் சொன்னபோது முதலில் சிரித்துவிட்டார். பிறகு முகம் மாறி ஒரு செம்பு தண்ணீர் தந்தார். “சோதனையில பாதியை நீங்களே முடிச்சிட்டீங்கள், தங்கச்சி. நல்ல பால் உப்புக் கரிக்காது.”

மிச்சத்தை ஒரு பீங்கானில் ஊற்றி, சவர்க்காரத் தூள் கரைத்த தண்ணீரைச் சேர்த்து ஆட்டினார். பால் முட்டை வெள்ளைபோல் திரண்டு வழுக்கியது. மடியழற்சி (மடிக்குள் கிருமி புகுந்து வரும் வீக்கம்) என்றார். திரள்வதற்குக் காரணம் வெள்ளணுக்கள் (கிருமியை அழிக்க இரத்தத்திலிருந்து வரும் நுண்ணிய உயிரணுக்கள்).

“அவை கிருமியைத் தேடித்தான் வருவினம். வந்த வேகத்தில வீட்டுக்காரன்ர சுவரையும் இடிச்சுப் போடுவினம். இடிஞ்ச இடத்தில பிறகு பால் சுரக்கிற சதை வராது, நார்தான் வளரும்.” யன்னலால் றோட்டைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “நான் மாட்டைப் பற்றித்தான் கதைக்கிறன், தங்கச்சி.”

காம்புக்குள் ஏற்றும் மருந்துக் குழாய்கள் ஆறு தந்தார். காலையும் மாலையும், மூன்று நாள். அதுவரையும், பிறகு சில நாளும் பாலைக் கீழே ஊற்றிவிட வேண்டும்.

இரண்டாம் நாள் மாலை பால் வெள்ளையாக வந்தது. அந்த வேளைக் குழாயோடு நிப்பாட்டிவிட்டேன். பாதை எப்போது பூட்டுப்படும் என்று யாருக்குத் தெரியும்? கடைசி இரண்டு குழாய்களையும் அவசரத்துக்கென்று அலுமாரிக்குள் வைத்தேன். அரிசி, மண்ணெண்ணெய், மருந்து, எல்லாவற்றிலும் கொஞ்சம் ஒளித்துவைத்தே பழகிய கை. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

பத்து நாளில் வீக்கம் திரும்பி வந்தது. மிச்ச இரண்டு குழாயால் இனிச் சரிவராது என்று டொக்டர் வந்து ஊசி போட்டார். வீக்கம் போனபோது உள்ளே விளாங்காய் மாதிரி ஒன்றை விட்டுப் போனது. டொக்டர் விரலால் அழுத்திப் பார்த்துத் தலையாட்டினார். நார்த்திசு (காயம் ஆறிய இடத்தில் இறுகிப்போகும் சதை). மாடு பிழைத்தது. அந்த அறை பிழைக்கவில்லை.

மூன்று காம்புப் பால் ஐந்து வீட்டுக்குக் காணாது. “அக்கா, மாட்டுக்குப் பென்சன் குடுக்கப் போறீங்களோ?” என்றான் தம்பி. இறைச்சிக்கு வாங்குகிறவன் இரண்டு தரம் படலையடியில் வந்து நின்று போனான். இறக்கக்கண்டியிலிருந்து மீன் கொண்டுவரும் தவமணி அதைக் கண்டாள்.

“எனக்குத் தாங்கோ, அக்கா. என்ர பிள்ளையளும் மூண்டுதானே. ஆளுக்கொரு காம்பு.”

நான் சிரித்தேன். பல கிழமைகளுக்குப் பிறகு.

எனக்கு இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. விடிய ஐந்து மணிக்கு விரல்கள் தாமாக மடங்கும். கறக்க ஒன்றும் இல்லை. நாள் இன்னமும் இரண்டு கறவைக்கு நடுவில்தான் ஓடுகிறது. என் உடம்பில் ஏதாவது நொந்து மாறினால், மாறிவிட்டது என்று உடனே சொல்வதில்லை. மருந்தை முழுதும் குடிக்கிறேன். அந்த இடத்தை நெடுநேரம் தடவிப் பார்க்கிறேன், உள்ளே என்ன வளர்கிறதோ என்று.

அன்று தவமணி வெள்ளச்சியைக் கூட்டிப்போக வந்த காலை, அலுமாரியிலிருந்த இரண்டு குழாய்களையும் அவள் கூடைக்குள் வைத்தேன். உப்புவெளிப் பக்கம் போகும் றோட்டு வரைக்கும் கூடவே நடந்தேன்.

“மூண்டையும் கறந்திட்டு, கடைசியா அதையும் ஒருக்காத் தொடுங்கோ, தவமணி. பால் வராது. சுடுதா எண்டு மட்டும் பாருங்கோ.”

“ஓம் அக்கா, பாக்கிறன். கயிறை விடுங்கோவன், இன்னும் உங்கட கையிலதான் கிடக்கு.”